கிளினிக் கதவடியில் கேட்கப்படும் கேள்விகள்: வெள்ளைபடுதலும் உள்ளே வாழும் நுண்ணங்கிகளும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள் நான். கிளினிக் நடக்கும்போது இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, கொப்பியை எழுதிக் கையில் கொடுத்த பிறகு, கதவடியில் செருப்பைப் போட்டுக்கொண்டு "மிஸ், ஒரு விசயம்…" என்று தொடங்குவார்கள். பக்கத்தில் மாமியார் நின்றால் அதுவும் இல்லை. அப்படிக் கேட்கப்பட்டவற்றை ஆள் அடையாளம் இல்லாமல் இங்கே சேர்த்திருக்கிறேன். போனில் தனியாக இருந்து வாசிக்கலாம்.

வெள்ளைபடுவது ஒரு வருத்தமா?

பெரும்பாலும் இல்லை. கருப்பைக் கழுத்தில் சுரக்கும் சளியும் யோனிச் சுவரிலிருந்து உதிரும் பழைய கலங்களும் கலந்து வெளியே வருவதுதான் வெள்ளை. நாளொன்றுக்கு 1 முதல் 4 மில்லிலீற்றர் வரை வரும். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில், முட்டை வெளிவரும் நாட்களில், கோழி முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். பிறகு கொஞ்சம் தடிப்பாகும். உள்ளாடையில் காய்ந்தால் இலேசான மஞ்சளாகத் தெரியும். வெடில் இல்லை, கடி இல்லை, எரிவு இல்லை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

"எலும்பு உருகித்தான் வெள்ளையாப் போகுது மிஸ், இடுப்பு உளையுது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்பிலிருந்து யோனிக்கு அப்படி ஒரு வாய்க்கால் கிடையாது. இடுப்பு உளைவு வயலில் நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்கியதால் வந்திருக்கும். களைப்புக்குப் பின்னால் இரத்தச்சோகை இருக்கலாம். அதை இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வெள்ளையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் இரத்தச்சோகை கண்ணில் படாமல் போய்விடும்.

உள்ளே கிருமி இருப்பது நல்லது என்கிறீர்கள். அதெப்படி?

பாலுக்கு உறை போட்டால் என்ன நடக்கிறது? உறையில் இருக்கும் பற்றீரியா பாலின் சீனியைத் தின்று புளிப்பாக்குகிறது. புளித்த பிறகு அந்தச் சட்டியில் வேறு கிருமி இலேசில் வளராது. யோனியிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. பெண் பெரியபிள்ளையாகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. அதனால் யோனிச் சுவரின் கலங்களில் கிளைக்கோஜன் என்ற மாப்பொருள் சேர்கிறது. அது உடைந்து வரும் சீனியை லக்டோபசிலஸ் என்ற பற்றீரியாக்கள் தின்று லக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பை அளக்கும் பீஎச் பெறுமானம் 3.8 முதல் 4.5 வரை இறங்குகிறது (இது குறையக் குறையப் புளிப்பு கூடுதல்). தயிரின் புளிப்பும் ஏறக்குறைய இவ்வளவுதான். இந்தப் புளிப்பில் பல தீய கிருமிகளுக்குப் பிழைப்பு இல்லை.

இதை 1892இல் முதலில் எழுதி வைத்தவர் ஜெர்மனிய மகப்பேற்று மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன். ஒரே ஒரு வகைப் பற்றீரியா என்றுதான் அப்போது நினைத்தார்கள். இப்போது லக்டோபசிலஸ் இனங்களில் நான்கு பேரை முக்கியமாகச் சொல்கிறார்கள்: கிறிஸ்பேட்டஸ், காசெரி, ஜென்செனி, இனெர்ஸ். கிறிஸ்பேட்டஸ்தான் நல்ல காவல்காரன். இனெர்ஸ் மதில்மேல் பூனை. நல்ல நிலையிலும் இருக்கும், குழப்பம் வரும்போதும் பேசாமல் இருந்துவிடும்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரியா?

இல்லை. 2011இல் வட அமெரிக்காவில் நல்ல சுகத்தோடு இருந்த 396 பெண்களைப் பரிசோதித்து வெளிவந்த ஆய்வில் ஐந்து விதமான கூட்டங்களைப் பிரித்தார்கள். நான்கில் மேலே சொன்ன நான்கு பேரில் ஒவ்வொருவர் தலைமை. ஐந்தாவதில் லக்டோபசிலஸ் குறைவு, வேறு பல பற்றீரியாக்கள் கலந்து இருந்தன. அந்த ஐந்தாவது கூட்டத்துப் பெண்களுக்கும் நோய்க்குறி இருக்கவில்லை. அதனால்தான், "உங்கள் நுண்ணங்கிகளை வீட்டிலிருந்தே பரிசோதியுங்கள்" என்று இணையத்தில் விற்கும் பெட்டிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்கிறேன். சுகமாக இருக்கும் ஒருத்திக்கு அந்தத் தாள் பயத்தைத்தான் கொடுக்கும்.

மீன் வெடில் அடிக்கிறது. அவரோடு இருந்த பிறகு இன்னும் கூடுகிறது. ஏன்?

அதிகம் பேர் கேட்பதும் அதிகம் பேர் மறைப்பதும் இதைத்தான். "நான் சுத்தமில்லாதவள் என்று அவர் நினைக்கிறார் மிஸ்" என்று அழுத பிள்ளைகள் உண்டு. இது அழுக்கால் வருவதில்லை.

லக்டோபசிலஸ் குறைந்து, கார்ட்னரெல்லா முதலான வேறு பற்றீரியாக்கள் பெருகிவிடும் நிலைக்கு பற்றீரியல் வெஜைனோசிஸ் என்று பெயர். ஒரு கிருமி வெளியிலிருந்து வந்து தாக்கியது என்பதை விட, பயிர் ஐதானதும் புல் ஏறிவிட்டது என்பது பொருத்தம். வெள்ளை நீர்த்தன்மையாக, சாம்பல் நிறமாக, மெல்லிய படலம் போல வரும். கடி அவ்வளவாக இருக்காது. பெருகிய பற்றீரியாக்கள் அமீன் என்ற பொருட்களை உண்டாக்குகின்றன. பழுதான மீனில் அடிப்பதும் இதே வகைப் பொருட்கள்தான். புளிப்புக் குறையக் குறைய அவை ஆவியாகி மூக்குக்கு வரும். ஆணின் விந்து புளிப்புக்கு எதிரான காரத்தன்மை உள்ளது. மாதவிடாய் இரத்தமும் அப்படித்தான். ஆகவே உறவுக்குப் பிறகும் மாதவிடாயை ஒட்டியும் வெடில் கூடும். வேறு பெண்ணிடம் போய்வந்தார், அதனால்தான் என்று உடனே முடிவுகட்டவும் வேண்டாம், உங்கள் மேல் பழி போடவும் விட வேண்டாம்.

வைத்தியர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்றால், 1983இலிருந்து பயன்படும் நான்கு அடையாளங்கள் இருக்கின்றன: மெல்லிய ஒரே மாதிரியான வெள்ளை, 4.5க்கு மேல் பீஎச், காரத்துளி விட்டதும் எழும் மீன் வெடில், நுணுக்குக்காட்டியில் பற்றீரியா அப்பிய கலங்கள். மூன்று பொருந்தினால் உறுதி. மருந்து பெரும்பாலும் மெற்றோனிடசோல் குளிசை, நாளுக்கு இரண்டு தடவை, ஏழு நாள். வாயில் இரும்புச் சுவை வரும், வயிற்றைப் பிரட்டும். மூன்றாம் நாள் வெடில் நின்றதும் மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

நோய்க்குறி இருந்தும் கவனிக்காமல் விட்டால், எச்ஐவி உட்படப் பாலியல் நோய்கள் இலேசாகத் தொற்றும். அதற்காகத்தான் வற்புறுத்துகிறேன்.

மருந்து முடிந்து சில மாதத்தில் திரும்பவும் வந்துவிட்டதே?

உங்களுக்கு மட்டும் இல்லை. மருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. இந்தப் பற்றீரியாக்கள் யோனிச் சுவரில் பாசி படர்ந்த மாதிரி ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. குளிசை மேலால் இருப்பதைக் கொன்றாலும் அடியில் மிஞ்சுகிறது. அதோடு, கொன்ற இடத்தில் நல்லது வந்து குடியேறினால்தானே நிலைக்கும்? 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 228 பெண்களில் மருந்து முடிந்த பிறகு ஒரு பகுதியினருக்கு கிறிஸ்பேட்டஸ் பற்றீரியாவையே உள்ளே வைத்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் நோய் திரும்பியது அவர்களில் 30 வீதம், பற்றீரியா இல்லாத வெறும் தூள் வைத்தவர்களில் 45 வீதம். நல்ல தொடக்கம்தான், ஆனால் நம் பார்மசியில் கேட்டு வாங்கும் பொருளாக அதை நினைத்துவிடாதீர்கள்.

பெரிய திருப்பம் 2025இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 164 சோடிகளில் பாதிப் பேருக்கு ஆணுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள்: ஏழு நாள் குளிசையும் ஆணுறுப்பில் பூசும் கிறீமும். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பகுதியில் 12 வாரத்துக்குள் 63 வீதமானோருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்த பகுதியில் 35 வீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக, ஆணின் தோலிலும் இந்தப் பற்றீரியாக்கள் தங்கித் திரும்ப வருகின்றன.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி: "எங்கட மனுசன் கிளினிக்குக்கு வருவாரே மிஸ்?" வரமாட்டார் என்றுதான் எனக்கும் தெரியும். வைத்தியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சேர்த்து மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். அதுவரை ஆணுறை உதவும். விந்தின் காரத்தையும் அது தடுக்கிறது.

தாங்க முடியாத கடி. தயிர்க்கட்டி போல வருகிறது.

இது வேறு. கன்டிடா என்ற பங்கசு. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். வெடில் இருக்காது, கடி, சிவப்பு, சலம் போகும்போது எரிவு இருக்கும். நல்ல புளிப்பு உள்ள யோனியிலும் இது வளரும். கர்ப்பத்தில் கூடும். தடிமன், காய்ச்சல் என்று நீங்களாகவே பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடித்தால், அது லக்டோபசிலசையும் சேர்த்துக் கொன்று பங்கசுக்கு இடம் கொடுக்கும்.

திரும்பத் திரும்ப வந்தால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது வயதில் கடிக்கு வந்து, அன்றைக்கே சீனி கண்டுபிடிக்கப்பட்டு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். உடம்புச் சூடு என்று இளநீர் குடிப்பது நல்லதுதான். பங்கசுக்கு மருந்து அதில்லை. உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் அல்லது வாயால் எடுக்கும் புளுகொனசோல் கொடுப்பார்கள். கர்ப்பிணிகள் வாயால் எடுக்கும் குளிசையைத் தாங்களாக எடுக்கக்கூடாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்தின் மிச்சத்தை வாங்கிப் பாவிப்பதும் வேண்டாம். வெடிலுக்குக் கொடுப்பது கடிக்கு வேலை செய்யாது, கடிக்குக் கொடுப்பது வெடிலுக்கு வேலை செய்யாது.

பச்சை மஞ்சளாக, நுரையோடு வந்தால்?

திரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இது உறவால் தொற்றுவது. இருவரும் மருந்து எடுத்தே ஆக வேண்டும்.

உள்ளே கழுவக்கூடாதா? வேப்பிலை, மஞ்சள் போட்ட தண்ணீர் நல்லதுதானே?

வெளியே கழுவுங்கள், உள்ளே வேண்டாம். கிணற்றடியில் பாவாடையைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கும் எங்கள் குளிப்பு இதற்கு நல்லாகவே போதும். பிழை எங்கே வருகிறது என்றால், வெடில் வந்ததும் பயந்து, விரலில் சவர்க்காரத்தை எடுத்து உள்ளே தேய்ப்பதில். சவர்க்காரம் காரம். நாள் முழுக்கப் பாடுபட்டு லக்டோபசிலஸ் உண்டாக்கிய புளிப்பை அது ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறது. வெடில் இன்னும் கூடும், இன்னும் கழுவுவார்கள். தரை துடைக்கும் கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் விட்டுக் கழுவி, தோல் வெந்து வந்தவர்களும் உண்டு.

வேப்பிலையும் மஞ்சளும் எங்கள் ஊரின் முதல் மருந்துகள். அவற்றை இளக்காரமாகப் பேச நான் ஆளில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இலைகள் அவித்த வெந்நீரில் குளிப்பாட்டுவது உடம்பு நோவுக்கு இதமாக இருக்கும். ஆனால் கிருமியைக் கொல்லும் எதற்கும் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று ஆள் பார்க்கத் தெரியாது. "அந்தரங்கச் சுத்தத்துக்கு" என்று வாசனையோடு கடையில் விற்கும் திரவங்களுக்கும் இதே பதில்தான்.

குளத்தில் குளித்தால் வருமா?

குளத்துத் தண்ணீர் உள்ளே போய் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. குளித்த ஈர உடுப்போடு பொழுதுபடும் வரை இருப்பதுதான் தோலைப் புண்ணாக்கிப் பங்கசுக்கு வசதி செய்யும். காலபோகத்தில் வயலில் இறங்கி நனைபவர்களும் வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதவிடாய்த் துணி பாவிக்கிறேன். அது பிழையா?

துணி பிழையில்லை. நன்றாகத் தோய்த்து, வெயிலில் முழுதாகக் காயவிட்டால் போதும். ஆனால் யாரும் வெயிலில் போடுவதில்லை. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் தண்ணீருக்கு வரிசை, கூடாரத்துக்குள் பல பேர், துணி காயப்போட ஒரு கயிறு கட்ட இடமில்லை. வேறு உடுப்புக்கு அடியில் ஒளித்துத்தான் காயவைத்தோம். இப்போது வீடும் முற்றமும் வன்னி வெயிலும் இருக்கின்றன. ஆனாலும் துணி இன்னும் பாவாடைக்கு அடியில்தான் காய்கிறது. பாட் என்றால் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள் இடைவேளை கிடைக்காமல் காலையில் வைத்ததோடு மாலை வரை நிற்பதாகச் சொல்கிறார்கள்; அது பிள்ளைகளின் பிழையில்லை.

தயிர் சாப்பிட்டால் சரியாகுமா? தடவலாமா?

சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. தடவ வேண்டாம். தயிரில் இருப்பதும் லக்டோபசிலஸ் குடும்பம்தான், ஆனால் அவை பாலில் வாழப் பழகியவை. யோனியில் குடியிருக்கும் இனங்கள் வேறு.

மகளுக்குப் பதினொரு வயது. இன்னும் பெரியபிள்ளையாகவில்லை, வெள்ளைபடுகிறது.

மாதவிடாய் தொடங்குவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முந்தியே ஈஸ்ட்ரோஜன் ஏறத் தொடங்கிவிடும். வெள்ளை அதன் அறிகுறி. சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பார்ப்பதற்கு முதல், இது என்ன என்று பிள்ளைக்கு ஒருமுறை இருந்து சொல்லுங்கள். வெடிலோ இரத்தமோ கடுமையான கடியோ இருந்தால், அல்லது மிகச் சின்னப் பிள்ளைக்கு வெள்ளைபட்டால், தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கர்ப்ப காலத்தில்?

ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருப்பதால் லக்டோபசிலஸ் நன்றாகப் பெருகும், வெள்ளையும் கூடும். பற்றீரியல் வெஜைனோசிஸ் இருக்கும் தாய்மாரில் குறைமாதப் பிரசவம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் நோய்க்குறி இல்லாத எல்லாத் தாய்மாருக்கும் மருந்து கொடுப்பதால் அது குறையவில்லை. அதனால் வெடிலோ கடியோ இருந்தால் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் தேட வேண்டாம். தண்ணீர் போல ஒழுகினால் அது வெள்ளையா பன்னீர்க்குடமா என்று வீட்டிலிருந்து யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று விழும். நுண்ணங்கிகளின் கூட்டமும் கலைந்துவிடும். பழைய நிலைக்கு வரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். பால் கொடுக்கும் காலத்தில் யோனி வறண்டு இருப்பதும் இதனால்தான். "அவர் கோவிக்கிறார்" என்று சொல்பவர்களுக்கு: இந்தப் பந்தியை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

லூப் போட்டதால் வந்ததா?

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப் போட்டவர்களில் பற்றீரியல் வெஜைனோசிஸ் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. அதற்காக லூப்பை எடுக்கத் தேவையில்லை. மருந்து எடுத்தால் போதும்.

மாதவிடாய் நின்று ஐந்து வருடம். எரிவு, அடிக்கடி சலக்கடுப்பு. வயசு போனால் இப்படித்தானா?

"இந்த வயசில் இதைப் போய்க் கேட்பதா" என்று அம்மாமார் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பொறுக்கத் தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன் போனதும் யோனிச் சுவர் மெலிகிறது, கிளைக்கோஜன் குறைகிறது, லக்டோபசிலஸ் பட்டினியாகிறது, புளிப்பு போகிறது. குடலில் இருக்கும் பற்றீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்து, அங்கிருந்து சலப்பைக்குப் போகின்றன. 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி சலக்கடுப்பு வந்த வயதான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிறீமை யோனியில் பூசக் கொடுத்தார்கள். லக்டோபசிலஸ் திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவை சலக்கடுப்பு வந்தபோது, கிறீம் பூசியவர்களுக்குச் சராசரியாக ஒரு தடவைக்கும் குறைவாகவே வந்தது. வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது வேறு கதை, உடனே போக வேண்டும்.

வெள்ளை புற்றுநோயாக மாறுமா?

மாறாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரசு. லக்டோபசிலஸ் குறைந்தவர்களில் அந்த வைரசு நீண்ட காலம் தங்குவதாகத் தெரிகிறது, அவ்வளவுதான் தொடர்பு. 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். 1996இலிருந்து இந்தக் கிளினிக் நாட்டில் நடக்கிறது. இன்னும் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்றுதான் மறுக்கிறார்கள். வருத்தம் வருமுன் பார்ப்பதற்குத்தான் அது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு 2017இலிருந்து போடும் ஊசியும் இதே வைரசுக்கு எதிரானது. கடிதம் வந்தால் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

எங்கே போவது? என்ன சொல்வது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். அவர் தெரிந்தவராக, உறவுக்காரராக இருந்து கூச்சமாக இருந்தால், மாவட்டப் பெரியாஸ்பத்திரியின் பெண்நோயியல் கிளினிக்குக்கு நேரே போங்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திலும் இலவசமாக, விசயம் வெளியே போகாமல் பார்ப்பார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

"கீழ ஒரு மாதிரி இருக்கு" என்றால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. என்ன நிறம், வெடில் இருக்கிறதா, கடி இருக்கிறதா, எத்தனை நாளாக, இதற்கு முதல் என்ன மருந்து என்று சொல்லுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். இன்னொன்று: ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அன்று காலையில் உள்ளே கழுவிவிட்டு வராதீர்கள். வைத்தியர் பார்க்க வேண்டியதே அதைத்தான்.